புதன்கிழமை ஓட்டம்

பதினோரு வருஷமாக அந்தக் கார் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை. ஓட்டுகிறவரின் சுபாவம் அப்படி. நடுத்தெருவில் நாய் படுத்திருந்தால்கூட இறங்கிப்போய்த் தட்டி எழுப்பிவிட்டு வருவாரே தவிர, அந்தப் பொத்தானில் கையை வைக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப் போகிற வண்டிக்கு எதற்குச் சத்தம் என்பார். இந்த லட்சணத்தில் கார் ஸ்டாண்டில் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். கிண்டல் பண்ண மனுஷர்களுக்குக் காரணமா வேண்டும்?

அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். நாலு நாளாக விடாமல் பெய்த மழை அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மாடி வீட்டில் அவர் மனைவி மிஷினில் உட்கார்ந்து ரெக்ஸின் தைத்துக்கொண்டிருந்தாள். கார்களுக்கு சீட் கவர் தைப்பது அவள் தொழில். தடித்த ரெக்ஸின், தடித்த ஊசி, தடித்த நூல். நாள் பூராவும் மிதித்து மிதித்து வலது முழங்கால் மட்டும் அவளுக்கு அறுபது வயசுக்காரி முழங்கால். திடீரென்று தரை ஒரு தரம் அதிர்ந்தது. அப்புறம் ஹாரன் சத்தம். விட்டு விட்டு இல்லை, ஒரே இழுப்பாக.

“எவன் அவன், கையை எடுக்காம அடிக்கிறான்?” என்றாள்.

அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த ஹாரன் கரண்டியோடு வெளியே வந்தார். ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“அது நம்ம வண்டி.”

“நம்ம வண்டி என்னிக்கு அடிச்சிருக்கு?”

“நம்ம வண்டிதான்மா” என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவள் மிஷினை விட்டு எழுந்தாள்.

கீழே போய்ப் பார்த்தால், எதிர்வரிசையில் பூட்டிக் கிடந்த வீட்டின் சுற்றுச்சுவர் அப்படியே சாய்ந்து கார்மேல் உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுக்கு வாரிசுகள் ஆறு பேர், ஆளுக்கொரு ஊர், பதினைந்து வருஷமாகக் கோர்ட்டில் கேஸ். கேட்பதற்கு ஒரு நாதி கிடையாது. காரின் கூரை முன்சீட் வரைக்கும் இறங்கிப்போயிருந்தது. கண்ணாடி எல்லாம் தூள். உள்ளே எந்தக் கம்பி எதில் மாட்டிக்கொண்டதோ, பதினோரு வருஷ பாக்கியை எல்லாம் சேர்த்து அது அலறிக்கொண்டிருந்தது. “ஹாரன் வண்டி ஹாரன் அடிச்சிடுச்சுடோய்” என்று கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். பக்கத்தில் நின்றவன் முறைத்ததும் சிரிப்பை முழுங்கிக்கொண்டான். ஹாரன் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, பானெட்டைக் கம்பியால் நெம்பி, பேட்டரி வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. கரண்டி இன்னும் அவர் இடுப்பில் செருகியிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கார் அங்கே நின்றதே அவளால்தான்.

பயணிகளை ஏற்றுகிற வண்டி வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை நிலையத்துக்குப் போய், பிரேக், விளக்கு, புகை எல்லாம் காட்டி, ஓடத் தகுதியானதுதான் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். ஸ்டாண்டில் அதற்கு ஃபிட்னஸ் என்று பேர். ஹாரன் ஒரு வருஷம் பிந்தியதில்லை. இந்த வருஷம் பார்த்து சோதனை நிலையத்தில் பிரேக் பார்க்கிற மிஷின் பழுது. எல்லோருக்கும் தேதியைத் தள்ளிவைத்துச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். இவருக்கு விழுந்த தேதி, பழைய சான்றிதழ் முடிந்து அறுபது நாள் கழித்து. மற்ற டிரைவர்கள் அந்தச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள். ஹாரனும் ஓட்டியிருப்பார். அவள்தான் விடவில்லை.

கார் வாங்கின நாளிலிருந்து காலையில் அவர் படி இறங்கும்போது அவள் கேட்கிற ஒரே கேள்வி, “பேப்பர் எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?” வேறு பெண்கள் சாப்பாடு எடுத்தாச்சா, குடை எடுத்தாச்சா என்று கேட்பார்கள். இவளுக்குப் பேப்பர். சீட் கவர் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாயிலிருந்து ஊரில் நடந்த விபத்தெல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும். அப்படி ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்: ஃபிட்னஸ் முடிந்த வண்டிக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான்.

“ஏங்க, உடம்பு முடியாதவங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்க. பேப்பர் இல்லாம ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நாம மட்டுமா போவோம்? அறுபது நாள்தானே. நிறுத்தி வைங்க. நான் ராவும் பகலுமாத் தைக்கிறேன், சமாளிச்சுக்கலாம்.”

அவர் சரி என்றார். வண்டியைக் கழுவி, துடைத்து, மூடிபோட்டு, வெயில் படாது என்று அந்தச் சுவர் ஓரமாகப் பார்த்து நிறுத்தினார். இது நடந்து நாற்பத்தோராவது நாள் சுவர் விழுந்தது.

அன்றைக்கு மத்தியானமே அவள் தம்பி வந்துவிட்டான். அவனும் டிரைவர்தான். போகிற வேகத்துக்கு அவனுக்கு ஸ்டாண்டில் காத்து என்று பேர். காத்து காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். மாடியில் பொரித்த முட்டை ஆறிக் கிடந்தது. அதை எடுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டே பேசினான்.

“மாமா, இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கீங்கல்ல?”

“ஒரு நாள் தவறாம.”

“அப்புறம் என்னக்கா, எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கே? புதுக் கூரை, புதுக் கண்ணாடி. மாமா வண்டி மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கும்.”

“ஃபிட்னஸ் இல்லடா.”

பிசைந்த கை நின்றது. “யாருக்குத்தான் இருக்கு? எனக்கே முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. நான் ஓட்டலையா?”

“நீ ஓட்டுற. உனக்கு ஒண்ணும் ஆகல. நாங்க ஓட்டாம வெச்சிருந்தோம்” என்றாள். “நான்தானேடா நிறுத்தச் சொன்னேன். ஓடிக்கிட்டு இருந்திருந்தா அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருக்கும்.”

“விடும்மா” என்றார் ஹாரன். “சுவர் எப்ப விழும்னு உனக்கு லெட்டரா போட்டுச்சு?”

“இருங்க இருங்க” என்றான் காத்து. “இது நல்லதுக்குத்தான். ஓட்டினாத்தானே ஃபிட்னஸ் கேப்பான்? வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. நிக்கிற வண்டிக்கு என்ன ஃபிட்னஸ்? எங்க ஸ்டாண்டுல ஒருத்தருக்கு இப்படித்தான் கிடைச்சுது. ஓட்டத்துல இல்லாம ஓரங்கட்டி வெச்ச வண்டின்னா சான்றிதழ் கேக்கக் கூடாதுன்னு அவங்க பாலிசியிலயே ஒரு வரி இருக்கு. ஆள் பாக்க வருவான். அவன்கிட்ட ஓரங்கட்டி வெச்சிருந்தேன்னு ஒரே வார்த்தை, முடிஞ்சுது.”

அவள் அன்று சாயங்காலமே பாலிசிப் புத்தகத்தை எடுத்து, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குப் பொடி எழுத்தில் தேடி, அந்த வரியைக் கண்டுபிடித்தாள். இருக்கத்தான் செய்தது. துணியில் அடையாளம் போடுகிற சாக்குக்கட்டியால் அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்தாள். அப்புறம்தான் சோறு இறங்கியது.

மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. ஹாரன் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ண ஏற்றிப் போகிற டீச்சர் அம்மாள்தான். ரிட்டயராகி இருபது வருஷம் ஆகியும் வகுப்பில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

“தம்பி, வண்டி எப்போ வரும்? தேதி சொல்லு.”

“வந்துடும் டீச்சர். ஆள் பாத்துட்டுப் போனதும் வேலை ஆரம்பிச்சிடுவாங்க.”

“இப்போ வர்றானே ஒருத்தன், அவன் பிரேக் போட்டா என் முதுகெலும்பு நெஞ்சு வழியா வந்துட்டுப் போகுது. இறங்கும்போது கையும் குடுக்க மாட்டேங்கிறான். அடுத்த மாசத்துக்கு நிரந்தரமா வேற ஆளைப் போடட்டுமான்னு ஆஸ்பத்திரியில கேக்கிறாங்க. நான் இருங்கன்னு சொல்லியிருக்கேன். எத்தனை நாளைக்குச் சொல்லுவேன்?”

“மாசக் கடைசிக்குள்ள வந்துடுவேன் டீச்சர்.”

போனை வைத்துவிட்டு அவர் நகத்தைக் கடித்தார். அந்த ஆஸ்பத்திரி ஓட்டம்தான் அவர்கள் வீட்டுச் சோறு. அது கைவிட்டுப் போனால் ஸ்டாண்டில் நின்று ஆள் பிடிக்கிற வயசு அவருக்கு இல்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதம் பார்க்கிற ஆள் ஆறாம் நாள் வந்தார். அன்றைக்கும் தூறல். அதற்கு முந்தியே அவள் புருஷனை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருந்தாள்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். ஓரங்கட்டி வெச்சிருந்தேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசக் கூடாது.”

“நான் என்ன பேசப்போறேன்? எனக்குத்தான் பேசவே வராதே.”

“வண்டியைப் பத்தின்னா மட்டும் வரும்.”

வந்தவர் நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. அரைமணி நேரம் பார்த்தார். போட்டோ எடுத்தார். சுவரின் அஸ்திவாரத்தைப் பார்த்து, அரை அடிகூட இல்லை, அக்கிரமம் என்றார். அவருடைய பேப்பர் நனையாமல் இருக்க அவள் குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். ஃபிட்னஸ் முடிந்த தேதியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். அவள் சட்டென்று பாலிசிப் புத்தகத்தை நீட்டி, சாக்குக்கட்டிக் கோட்டைக் காட்டினாள்.

“பரவாயில்லையே, படிச்சிருக்கீங்க” என்று சிரித்தார். “சரி. சான்றிதழ் முடிஞ்ச நாள்லேர்ந்து வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருந்துது, இல்லையா?”

“ஆமாங்க” என்றார் ஹாரன். “ஓரங்கட்டி வெச்சிருந்தேன்.”

அவள் மனசுக்குள் அப்பாடா என்றாள். அந்த மனுஷர் எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடி, போகிற போக்கில் குனிந்து டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

“நாப்பது நாள் நின்ன வண்டின்னா டயர் சப்பையா இருக்கணுமே. புதுசு மாதிரி இருக்கே. ஆச்சரியம்தான்.”

அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் ஹாரனுடைய டயரை ஒருத்தர் பாராட்டினால் அது என்ன சாதாரண விஷயமா? அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்படியே நிக்க விட்டா சப்பையாத்தாங்க போகும். பேட்டரியும் செத்துடும். நான் விட மாட்டேன்ல?”

அவளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஹாரன் திரும்பிப் பார்த்து, “மேல போய்த் தண்ணி குடிச்சிட்டு வாயேன்மா” என்றார். திரும்பவும் அந்த ஆளிடம், “புதன்கிழமை புதன்கிழமை எடுத்துடுவேன் சார். தெரு முனை வரைக்கும் போய், கடைத்தெருவைச் சுத்தி, மறுபடி இங்கேயே கொண்டாந்து நிறுத்துவேன். எஞ்சின் சூடாகணும், டயர் உருளணும். அதுக்கு மேல ஒரு அடி ஓட்டினதில்ல” என்றார்.

அவள் குடையை ஆட்டினாள். பேப்பரில் தண்ணீர் சொட்டியது. ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.

“சும்மா சொல்லல சார், எழுதியே வெச்சிருக்கேன்” என்று ஹாரன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். டிரைவர்கள் ஓடிய கிலோமீட்டரைக் குறித்துவைக்கிற நோட்டு. புதன், ஒன்றரைக் கிலோமீட்டர். புதன், ஒன்றரைக் கிலோமீட்டர். ஐந்து வரி, அழகான கையெழுத்து.

வந்தவர் நோட்டைக் கையில் வாங்கவில்லை. ஐந்து வரியையும் படித்தார். பிறகு மூடிய பேனாவைத் திறந்தார்.

“இதை நீங்க எங்கிட்ட காட்டியிருக்க வேண்டாம் ஐயா” என்றார்.

“ஏன் சார்?”

“ஓட்டத்துல இல்லாத வண்டின்னு எழுதிட்டேன். இது பொதுத் தெருவுல ஓடியிருக்கே.”

“ஓட்டம்னா… இது ஓட்டமா சார்? ஆளா ஏத்தினேன்? டயருக்காக…”

“எனக்குப் புரியுது. டயர் மேல இருக்கிற அக்கறை பேப்பர்ல ஏறாதே. கேட்டுட்டு எழுதாம விட்டா நாளைக்கு என் வேலைக்கு உலை. என்னை மன்னிச்சிடுங்க.” முதலில் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்த நோட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். டீ சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மாடிக்கு வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள்.

“உங்களை யாரு கேட்டா?”

“அவருதான் கேட்டாரு.”

“அவரு எங்க கேட்டாரு? ஆச்சரியமா இருக்குன்னாரு! ஆச்சரியப்பட்டுட்டுப் போகட்டும்னு விட வேண்டியதுதானே!”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“பொய் சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும். நாப்பது நாள் வண்டி சும்மா நின்னுச்சே, ஒரு நிமிஷம் உங்க வாய் சும்மா இருக்கக் கூடாதா?”

“வண்டி எங்க சும்மா நின்னுச்சு?” என்றார் அவர், பாவமாக. “அதைத்தானே சொன்னேன்.”

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்த மனுஷனைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் அலைமோதும்போதும், இவர் வண்டியைத்தான் தேடி வருவார்கள். இந்தக் கண்ணும் கருத்தும்தான் காரணம். அதுவேதான் இன்றைக்கு அவர் காலை வாரிவிட்டது. மிஷினில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் மடித்துவைத்திருந்த கவர்கள் கண்ணில் பட்டன. சோதனைக்குப் போகிறபோது போட்டு அனுப்ப வேண்டும் என்று சொந்த வண்டிக்குத் தைத்து முடித்திருந்த புது சீட் கவர். ஓரத்தில் வெள்ளை நூலில் ரெட்டைத் தையல். வெளியாளுக்குத் தைக்கிறபோது அவ்வளவு நேரம் செலவழிக்க முடியாது. அதைத் திரும்ப மடித்து மிஷினுக்கு அடியில் வைத்தாள்.

கடிதம் பத்து நாளில் வந்தது. மறுக்கப்படுகிறது என்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல ஒன்றரைப் பக்கம். அவள் விடவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கே போனாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அவளைவிடப் பத்து வயசு குறைச்சல் இருக்கும். மேஜை ஓரத்தில் பாதி கடித்த பன். இவர்கள் வந்ததும் அதைப் பேப்பரால் மூடினாள்.

“அம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுமா?” என்று ஆரம்பித்தாள் இவள். “வண்டி ஓடும்போது இடிச்சுதா?”

“இல்ல அக்கா.”

“பிரேக் பிடிக்காம போச்சா? விளக்கு எரியலையா?”

“இல்ல.”

“நின்ன வண்டி மேல சுவர் விழுந்துச்சு. நீங்க வண்டிக்குத் தகுதிச் சான்று இருக்கான்னு கேக்கறீங்க. சுவருக்கு இருந்துச்சா தகுதிச் சான்று?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டாள்.

“அக்கா, நீங்க சொல்றதுதான் நியாயம். எங்க அப்பாவுக்கு நடந்திருந்தா நானும் இதையேதான் கேட்டிருப்பேன். ஆனா எனக்கு முன்னால இருக்கிற இந்தப் பக்கத்துல நாலு கட்டம் இருக்கு. பாலிசி இருந்துதா, லைசென்ஸ் இருந்துதா, ஃபிட்னஸ் இருந்துதா, வண்டி பயன்பாட்டுல இருந்துதா. நியாயம்னு ஒரு கட்டம் இல்ல. இருந்தா நான் டிக் போட்டிருப்பேன்.”

“மேல யாரையாவது பாக்கலாமா?”

“பாருங்க. அவங்களும் இந்தப் பக்கத்தைத்தான் பாப்பாங்க.” கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணு செய்யலாம். சம்பவம் நடந்த அன்னிக்கு வண்டி நல்ல நிலையில இருந்துதுன்னு சோதனை நிலையத்துலேர்ந்து ஏதாவது எழுதி வாங்கிட்டு வந்தீங்கன்னா, மறுபரிசீலனைக்கு அனுப்பிப் பாக்கறேன். நடக்கும்னு சொல்லல.”

அதுவரைக்கும் வாயே திறக்காத ஹாரன், “அந்த நோட்டைக் கிழிச்சுப் போட்டிருந்தா?” என்று கேட்டார்.

“கிழிக்கலையேங்க” என்றாள் அந்தப் பெண், ஆறுதல் சொல்கிற குரலில்.

சோதனை நிலையத்தில் தள்ளிவைத்த தேதி வந்தது. காலையில் போனிலேயே செய்தி வந்தது, உங்கள் வாகனத்துடன் பத்து மணிக்கு வரவும் என்று. ஹாரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் சோதனைக்குப் போகும்போது போடுகிற சட்டை. காத்து தன் காரில் ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டான். சோதனை நிலையத்துக்கு ரெண்டு தெரு முன்னாலேயே ஒரு மரத்தடியில் நிறுத்தினான்.

“இதுக்கு மேல நடந்து போயிடுங்க மாமா. நம்ம வண்டி லட்சணம் அவனுங்களுக்குத் தெரிய வேணாம்.”

நடந்து போனார்கள். உள்ளே வரிசையாகக் கார்கள் நின்றன. டிரைவர்கள் விளக்கைத் துடைத்துக்கொண்டும் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் இருந்தார்கள். வரிசையில் இவருடைய இடம் வந்தபோது, ரெண்டு கார்களுக்கு நடுவில் ஒரு கார் அளவு இடைவெளி விட்டு, அதில் புருஷனும் பெண்டாட்டியும் ஃபைலோடு நின்றார்கள். அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. பழுது பார்த்த பிரேக் மிஷின் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

சோதனை பார்க்கிற அதிகாரி சீட்டை வாங்கிப் பார்த்தார். “வண்டி?”

“வண்டி வர்ற நிலையில இல்லீங்க. சுவர் விழுந்திடுச்சு. ஆனா அன்னிக்கு நல்ல நிலையில இருந்துச்சு. பிரேக் ரெண்டு விரல்ல நிக்கும். அன்னிக்கு நல்லா இருந்துச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா…”

“அன்னிக்கு நான் பாக்கலையேப்பா.”

“நீங்க பாத்திருப்பீங்க. மிஷின் ரிப்பேரா இருந்ததால…”

“அது எங்க தப்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா பாக்காததைப் பாத்தேன்னு எப்படி எழுத முடியும்? கொண்டு வா, பாக்கறேன். இழுத்துக்கிட்டு வந்தாலும் சரி.”

“கூரையே இல்லாத வண்டியைப் பாத்துட்டு நல்லா இருந்துச்சுன்னு எழுதுவீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“எழுத முடியாதும்மா.”

“அப்ப எதுக்கு இழுத்துக்கிட்டு வரச் சொல்றீங்க?”

பின்னால் ஒருத்தன் எஞ்சினை உறுமவிட்டான். அதிகாரி சீட்டில் ஒரு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். வாகனம் வரவில்லை என்று அதில் இருந்தது. அது ஒன்றுதான் பொய்யில்லாமல் எழுதக்கூடியது, அவரும்தான் என்ன செய்வார்!

காத்துவின் காரிலேயே திரும்பினார்கள். பாதி வழியில் காத்துதான் தொண்டையைச் செருமினான்.

“மாமா, நான் சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாது. என் வண்டியைக் காலைல நீங்க எடுத்துக்குங்க. ஆஸ்பத்திரி ஓட்டத்தை முடிச்சிட்டு மத்தியானம் எங்கிட்ட குடுங்க. டீச்சரம்மா எத்தனை நாளைக்குக் காத்திருப்பாங்க?”

ஹாரன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்.

“உன் வண்டிக்கு ஃபிட்னஸ்?”

“எனக்கு அடுத்த மாசம் தேதி. அதுவரைக்கும் சீட்டு ஒட்டியிருக்கேன்ல, எல்லாரும் அப்படித்தான் ஓட்டறோம். ஒண்ணும் ஆகாது மாமா.”

இந்த இடத்தில் அக்கா ஏதாவது சொல்வாள் என்று அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் காத்துவின் பின்சீட் கவரைத் தடவிக்கொண்டிருந்தாள். தையல் விட்டு, உள்ளிருந்த பஞ்சு வெளியே வந்திருந்தது. டீச்சரம்மாவின் முதுகுக்கு இது ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காத்துவின் கார் கொஞ்சம் சின்னது. தன் வண்டிக்குத் தைத்து வைத்திருந்த புதுக் கவரைப் பிரித்துப் பக்கத்துக்கு ரெண்டு அங்குலம் எடுக்க வேண்டும். துணியாக இருந்தால் பிரித்த சுவடு தெரியாது. ரெக்ஸினில் ஊசி ஒரு தடவை இறங்கினால் துளை நின்றுவிடும். வெள்ளை ரெட்டைத் தையலைப் பிளேடால் நறுக்கி நறுக்கி எடுத்தாள். நூல் போன பிறகும் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றை உள்பக்கம் மடித்துத் தைத்தாள். முழங்கால் வலித்தது, நிறுத்தவில்லை. இனி அந்தக் கவர் அவர்கள் வண்டிக்குப் பொருந்தாது. தைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது; யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள்.

மறுநாள் புதன்கிழமை. விடிந்ததும் ஹாரன் வழக்கம்போலக் கீழே போனார். செங்கல்லை ஒதுக்கிவிட்டு பானெட்டைத் தூக்கி, ஹாரன் வயரை மட்டும் கழற்றிவிட்டு, பேட்டரி வயரை மாட்டி, நசுங்கிய காரின் கதவை இழுத்துத் திறந்து, இறங்கிய கூரைக்குக் கீழே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். நகர முடியாத வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு மேலே வந்தார். நோட்டை எடுக்கவில்லை.

டீயைக் குடித்தார். சலவைச் சட்டையையே போட்டுக்கொண்டார். கீழே காத்து கொண்டுவந்து நிறுத்திய காரில் புதுக் கவர் மாட்டியிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு நாலு படி இறங்கினவர் நின்றார். அவள் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, ஒண்ணும் கேக்கலையா?”

“என்ன கேக்கணும்?”

“தினமும் கேப்பியே.”

அவள் எண்ணெய்ப் புட்டியை மூடினாள். சாவதானமாக மூடினாள். பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தவறாத கேள்வி நாக்கு நுனியில்தான் இருந்தது. கேட்டால் இந்த மனுஷன் உண்மையைச் சொல்வார். சொல்லிவிட்டுத் திரும்பி மேலே வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

“டீச்சர் காத்துக்கிட்டு இருப்பாங்க” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். “பாத்துப் போயிட்டு வாங்க.”

அவர் கையில் சாவி ஒரு தரம் குலுங்கியது. பிறகு படியிறங்குகிற சத்தம் கேட்டது. கார் கிளம்பியது. அவள் புது ரெக்ஸினை மிஷினில் வைத்து ஊசியை இறக்கினாள், கால் மிதிக்கவில்லை. கார் தெரு முனைக்குப் போயிருக்கும், அப்போது அங்கே ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. சின்னதாக ஒன்று. திரும்பவும் ஒன்று, பதறி அடித்த மாதிரி.

அது அவர்தானா, வேறு யாராவதா என்று எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பயமாக இருந்தது. மத்தியானம் வண்டி திரும்பி வருகிறவரைக்கும் பயமாகவே இருந்தது.